திரையில் தமிழ் – 9: ‘ஹெப்பாள்’ என்று எழுதிப் பார்ப்போம்

மைசூரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹெப்பாள். ஒரு பக்கம் பழைய தொழிற்பேட்டை, மறுபக்கம் மென்பொருள் வளாகங்கள். 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இங்கேதான். அருகே மேட்டகள்ளியில் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் நோட்டு அச்சகம் உண்டு. நம் கையில் புரளும் ரூபாய் நோட்டின் பின்புறம் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறதே, அந்தப் பட்டியலில் கன்னடமும் தமிழும் இருக்கின்றன. அச்சுத் தகடு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் போதும். அந்த நோட்டு காஷ்மீருக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் அதிலுள்ள தமிழ் எழுத்தின் ஒரு சுழிகூட மாறாது.

இதே வட்டாரத்தில் கணினிமுன் உட்கார்ந்து ஒருவர் தமிழில் ஒரு படிவம் தயாரித்தால் கதை வேறு. அவர் அனுப்புவது எழுத்தின் வடிவத்தை அல்ல, வெறும் எண்களை. அந்த எண்களைப் பார்த்து எழுத்தை வரைவது படிப்பவரின் கருவி. விண்டோஸ் ஒரு மாதிரி வரையும், மேக் ஒரு மாதிரி, லினக்ஸும் ஆண்ட்ராய்டும் இன்னொரு மாதிரி. டிஸ்கி, டாப் குறியாக்கங்களின் காலத்தில் பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அனுப்பியவரிடம் இருக்கும் எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தாக வேண்டும், இல்லையேல் குப்பை. யூனிகோட் வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் எழுத்தும் சரியாகத் தெரியும் என்று அது யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை.

‘ஹெப்பாள்’ என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். சோதனைக்கு இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது. கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்குள் எட்டு எண்: ஹ, ஒற்றைக் கொம்பு, ப, புள்ளி, ப, கால், ள, புள்ளி. கொம்பு நம் கண்ணுக்கு ஹகரத்தின் இடப்பக்கம் தெரிகிறது, ஆனால் நினைவகத்தில் அது ஹகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்தமைப்பு மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் ஹகரத்தை முதலில் போட்டுவிட்டு, கொம்பை ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்க விடும். கன்னடத்தில் இதே பெயர் மூன்றே எழுத்து, ஏழு எண். அங்கே இரண்டாவது பகரம் ஒத்தாக மாறி முதல் பகரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே கன்னடத்துக்குக் கீழே இடம் வேண்டும், தமிழுக்கு மேலே புள்ளிக்கு இடம் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் போட்டுப் பார்த்தால் எந்தத் திரை எதில் தடுமாறுகிறது என்று சட்டென்று தெரிந்துவிடும்.

முதல் தடுமாற்றம் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில். ஒரு பக்கத்தை உருவாக்குபவர் “இந்த எழுத்துருவில் காட்டு” என்று எழுதி வைக்கிறார். அது படிப்பவரின் கருவியில் இல்லையென்றால், தமிழ் எழுத்துள்ள வேறொன்றை அந்தக் கருவியே தேடிப் பிடித்துக்கொள்கிறது. விண்டோஸ் 2000 முதல் ‘லதா’ வந்தது. 2012இல் விண்டோஸ் 8 ‘நிர்மலா’வைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது லதாவும், விண்டோஸ் 7இல் சேர்ந்திருந்த விஜயாவும், கன்னடத்தின் துங்காவும் விருப்பத் தொகுப்புகளுக்குப் போய்விட்டன. வேண்டுமென்றால் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக லதாவை நம்பி அளவெடுத்து வைத்திருந்த படிவங்களும் பக்கங்களும் ஒரே மாற்றத்தில் வேறு எழுத்துருவுக்குத் தாவின. ஒரு வரியில் அடங்கிய தலைப்பு இரண்டு வரியாகிப் பொத்தானுக்கு வெளியே வழிந்தது. ஆப்பிள் கருவிகளில் இருப்பவை இணைமதியும் தமிழ்ச் சங்கமும், மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. லினக்ஸில் 2004இல் ரெட் ஹாட் வெளியிட்ட லோஹித், பிறகு கூகுளின் நோட்டோ. ஒரே 12 புள்ளி அளவு என்று சொன்னாலும் இவற்றின் அகலமும் உயரமும் ஒன்றுபோல் இல்லை. எந்தக் கருவியில் எந்த எழுத்துரு கிடைத்தது என்று பார்க்காமல் “தமிழ் தெரிகிறது, சரி” என்று கையெழுத்துப் போடுவதை நான் சோதனை என்றே சேர்க்க மாட்டேன்.

அடுத்தது எழுத்தமைப்பு. இங்கே நிலைமை நம்பிக்கை தருகிறது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள்தான் இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோக்கிறது. ஆப்பிளின் சஃபாரி மட்டும் தன் சொந்த இயந்திரத்தை வைத்திருக்கிறது. ஹார்ஃப்பஸ் குழு 2012 வாக்கில் செய்த சோதனையை எழுத்தில் அக்கறையுள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விக்கிப்பீடியாக்களிலிருந்து சொற்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு சொல்லையும் விண்டோஸின் எழுத்தமைப்பான் எப்படிக் கோக்கிறது, தங்களுடையது எப்படிக் கோக்கிறது என்று ஒப்பிட்டார்கள். தமிழில் 10 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் ஏறக்குறைய முழுவதுமாகத் தேறின. கன்னடத்தில் ஒன்பதரை லட்சம் சொற்களில் சில நூறு இடறின. ஒத்துகளும் மேலேறும் குறிகளும் நிறைந்த கன்னடம் நம் எழுத்தைவிட எவ்வளவு சிக்கலானது என்பதை இந்த வேறுபாடே காட்டுகிறது. நான்கு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளாமல், ஒரு மொழி உண்மையில் புழங்கும் சொற்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தார்களே, அந்த உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன்.

எழுத்தமைப்பான் சரியாக இருந்தும் எழுத்து உடைவது உண்டு. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று எழுத்துருக் கோப்பைச் சுருக்குகிறார்கள். சுருக்கும்போது ‘ககரமும் உகரக் குறியும் சேர்ந்தால் இந்த வடிவம்’ என்று சொல்லும் அட்டவணையும் சேர்ந்து போய்விட்டால், ‘கு’ என்பது ககரமாகவும் பக்கத்தில் ஒட்டாத ஒரு கொக்கியாகவும் பிரிந்து நிற்கும். தயாரித்தவரின் கணினியில் முழு எழுத்துருவும் நிறுவியிருப்பதால் அவருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். ஆகவே சோதனைக் கணினியில் கூடுதலாக எந்தத் தமிழ் எழுத்துருவையும் நிறுவி வைக்கக் கூடாது. கடையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது உயரம். ஓர் எழுத்துருக் கோப்புக்குள் உயர அளவுகள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. விண்டோஸ் பெரும்பாலும் ஒன்றைப் பார்க்கிறது, மேக் இன்னொன்றை. வடிவமைத்தவர் மூன்றையும் ஒத்துப்போகும்படி வைக்கவில்லை என்றால், மேக்கில் முழுசாகத் தெரியும் வரி விண்டோஸில் தலை வெட்டுப்படும். ஆங்கிலத்தில் தலை வெட்டுப்பட்டால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். தமிழில் புள்ளி போய்விடும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பல் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தில் இது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்துச் சீட்டிலோ பத்திரப்பதிவிலோ ஒருவர் பெயரின் கடைசிப் புள்ளி விழுந்தால்? ‘ஹெப்பாள்’ என்பதில் இரண்டு புள்ளி இருப்பதால்தான் அதை நல்ல சோதனைச் சொல் என்றேன். கீழ்ப்பக்கத்துக்கு ‘பு’, ‘சு’, ‘யூ’ மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் மை பூசும் விதமும் வேறுபடும். விண்டோஸ் எழுத்தின் கோடுகளைத் திரைக் கட்டங்களுக்கு இழுத்துப் பொருத்தப் பார்க்கும், கூர்மையாகத் தெரியும். மேக் வரைந்தவரின் வடிவத்தை அப்படியே விட்டுவிடும், சற்றுத் தடித்துத் தெரியும். பெரிய அளவில் இரண்டும் சரியே. சிறிய அளவில், மலிவான திரையில், ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது கணினி தானே கோட்டைத் தடிக்க வைக்குமே, அப்போது இது இன்னும் மோசம்.

இதையெல்லாம் இயந்திரத்திடமே விட்டுவிடலாமா? படமெடுத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிடும் கருவிகள் இருக்கின்றன, தேவையும்கூட. ஆனால் மை பூசும் வித்தியாசத்தால் நூறு இடத்தில் பொய்யாக மணியடிக்கும். தொல்லை தாங்காமல் ‘சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே’ என்று அளவைத் தளர்த்துவார்கள். ஒரு புள்ளி காணாமல் போவது அந்தக் கணக்கில் சிறு வேறுபாடுதான். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணுக்கு மாற்று இதுவரை இல்லை. ஹெப்பாள் வளாகங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பயிற்சி பெறும் இளைஞர்களுக்குக் குறைவே கிடையாது. தமிழ்த் திரையைச் சோதிக்க வேண்டிய நாளில் அவர்களில் ஒருவரை அழைத்து, ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனையும் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் போதும். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பிழை இருக்கிறது.

திரையில் சரியாக இருக்கும் தமிழை பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றனவே, அது ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.