நெய்தல் நிலத்தில் நீரறம்

முத்தும் உப்பும் விளையும் கரை, தூத்துக்குடிக் கரை. கடல் இவ்விரண்டையும் வாரி வழங்கியது. ஆயினும் முத்துக் குளித்து எழுந்தவனுக்கும், உப்பளத்தில் வெயிலைச் சுமந்து நின்றவனுக்கும் முதலில் வேண்டியிருந்த ஒன்றைக் கடல் வழங்கவில்லை. அது ஒரு குவளை நல்ல தண்ணீர்.

பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் இன்று கடலை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. அதற்குப் பின் தலையெடுத்த காயல் துறைமுகத்தை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டுள்ளார். ஏடனிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் அங்கு வந்தன என்கிறார் அவர். தூத்துக்குடியின் முத்துக்குளிப்போ 1961 வரை நடந்தது. குளிப்புக் காலத்தில் பரதவரும் முஸ்லிம்களுமான குளியாளிகளும், அவர்களை நாடி வந்த வணிகரும் கரையில் கூடுவர். குதிரைக்கும் குளியாளிக்கும் கடலோடிக்கும் நீர் வேண்டும். ஆகவே, இக்கரையில் நன்னீர்க் கிணறு என்பது வெறும் வசதியன்று. ஊர் நிலைபெறுவதற்கான முதற்காரணமே அதுதான்.

அத்தகைய கிணற்றை வெட்டிக் கொடுப்பதை இஸ்லாம் நிலையான தருமம் என்று போற்றுகிறது. அத்தருமம் எப்போது நிலைக்கும், எப்போது நின்றுபோகும் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் அறம்

மனிதன் இறந்தவுடன் அவனுடைய செயல்கள் முடிந்துவிடுகின்றன. மூன்று மட்டும் அவனைத் தொடர்கின்றன: நிலையான தருமம், பிறர் பயன்கொள்ளும் கல்வி, அவனுக்காக இறைஞ்சும் நற்பிள்ளை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இவ்வறிவுரை முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இதில் வரும் 'ஸதக்கத்துல் ஜாரியா' என்னும் தொடரை நாம் 'நிலையான தருமம்' என்று பெயர்த்து வழங்குகிறோம். எனினும் 'ஜாரியா' என்ற சொல்லுக்கு நேரான பொருள் 'ஓடிக்கொண்டிருப்பது' என்பதாகும். கல்லைப் போல் அசையாது நிற்பதை அச்சொல் குறிக்கவில்லை; நீரைப் போல் ஓடுவதைக் குறிக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் தம் தாயார் மறைந்தபின், எந்தத் தருமம் சிறந்தது என்று நபிகளாரிடம் வினவினார்கள். தண்ணீர் என்பதே விடையாக வந்தது. ஸஅத் அவர்கள் ஒரு கிணற்றைத் தோண்டி, அதனைத் தம் தாயாருக்குரியதென அறிவித்தார்கள். தோண்டியவர் தம் பெயரை விடுத்துத் தாயின் பெயரைச் சூட்டினார் என்பது நினையத்தக்கது.

மற்றொன்று ரூமா கிணற்றின் வரலாறு. மக்காவிலிருந்து வந்தோர் மதீனாவில் நல்ல தண்ணீருக்குத் தவித்தனர். சுவைநீர் தந்த ரூமா கிணற்றிலோ நீர் விலைக்கே கிடைத்தது. அக்கிணற்றை வாங்கி, தம் வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளிகளையும் சமமாக்குபவருக்குச் சுவனத்தில் அதனினும் சிறந்தது உண்டு என்று நபிகளார் நன்மாராயம் கூறினார்கள். உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதை வாங்கிப் பொதுவாக்கினார்கள். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது அந்த வாளியைத்தான். கொடுத்தவருக்கும் கிணற்றில் ஒரு வாளிதான். அது பிறர் வாளிக்கு முன்னுரிமை பெற்றதன்று. உடைமையைத் துறப்பதோடு அமையாமல் முதன்மையையும் துறப்பதே இவ்வறத்தின் உயிர்.

இந்நீர் மனிதருக்கு மட்டும் உரியதுமன்று. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் முகந்து, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்த வழிப்போக்கனின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நபிமொழியை நாமனைவரும் அறிவோம்.

தமிழ் மரபின் சான்று

கொற்கைக்குரிய பாண்டியர் மரபில் வந்த தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 18-ஆவதாக உள்ளது. மறுமைச் செல்வம் வேண்டுமாயினும், வெற்றி வேண்டுமாயினும், அழியாப் புகழ் வேண்டுமாயினும் நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குக என்பது அப்புலவர் மன்னனுக்குக் கூறிய அறிவுரை. நீர்நிலை அமைப்பதை மறுமையோடு இணைத்துப் பார்க்கும் நோக்கு, ஆகவே, இம்மண்ணுக்குப் புதியதன்று. இம்மாவட்டத்து எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் உமறுப்புலவரும் தம் சீறாப்புராணத்தில் 'சுரத்திற் புனலழைத்த படலம்' என்றே ஒரு படலம் அமைத்தார். அரபு நாட்டுப் பாலையின் தாகத்தை, கரிசலும் தேரியும் கண்ட கவிஞர் நன்கு உணர்ந்திருத்தல் இயல்பே.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

கடலுக்கு அருகே தோண்டினால் உப்புநீர்தானே வரவேண்டும்? நல்ல தண்ணீர் எவ்வாறு வருகிறது? திருச்செந்தூர்க் கடற்கரையின் நாழிக்கிணற்றைக் காண்போர் பலரும் கேட்கும் கேள்வி இது.

மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆதலால் நிலத்தடியில் உள்ள உவர்நீரின் மேல் அது ஒரு படலமாக மிதக்கிறது. டச்சுப் பொறியாளர் கைபன் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-லும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும்.

இக்கணக்கு ஒருபுறம் வியப்பைத் தரும். மறுபுறம் அச்சத்தைத் தரும். மேலே ஓர் அடி நீர் குறைந்து அந்நிலை நீடித்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை ஏறிவர இடமுண்டு. கயிறும் வாளியும் இருந்தவரை மனிதனின் தோள்வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இறைத்த நீர் ஊறிவரக் கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. ஆழ்துளைக் குழாயும் மோட்டாரும் வந்தபின் அந்த எல்லை மறைந்தது. ஒருமுறை கரிக்கத் தொடங்கிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம்.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய இடர் எழுகிறது. நல்லெண்ணத்தோடு ஒருவர் தெருவுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கலாம். அவை அனைத்தும் உறிஞ்சுவது ஒரே நன்னீர்ப் படலத்தைத்தான். புதிய தருமம் ஒன்று பழைய தருமத்தை உவராக்கிவிடக்கூடும். சுவரிலுள்ள கல்வெட்டில் கொடையாளரின் பெயர் தெளிவாக இருக்கும். கிணற்று நீரோ வாயில் வைக்க இயலாததாக இருக்கும். ஓட்டம் நின்றபின் அது ஜாரியா ஆகுமா?

சட்டம் வகுத்த காவல்

இவ்வினாவுக்கு இஸ்லாமியச் சட்டநூலார் முன்பே வழி வகுத்துள்ளனர். கிணற்றைச் சுற்றி 'ஹரீம்' எனப்படும் காப்பெல்லை உண்டு. கிணறு தோண்டியவருக்குச் சுற்றிலும் 40 முழம் உரியது என்று ஒரு நபிமொழி கூறுகிறது. அருகில் வேறொருவர் தோண்டி முதற்கிணற்றின் நீரைக் குறைத்தல் கூடாது என்பது இதன் வழி வந்த சட்டக் கருத்து. எஞ்சிய நீரைப் பிறருக்குத் தர மறுப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. வக்பு சொத்தின் வருவாயை முதற்கண் அச்சொத்தின் பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்பது ஹனபி சட்டநூலாரின் விதி; வக்பு செய்தவர் அதனைச் சொல்லாது விட்டிருப்பினும் அவ்விதி பொருந்தும். தூர் வாருவதும், சுவரைச் செப்பனிடுவதும், நீரைச் சோதிப்பதும் தருமத்தின் பின்னிணைப்புகள் அல்ல, தருமமே அவைதாம்.

சோதனையின் இன்றியமையாமையை வங்காளதேசம் உலகுக்கு உணர்த்தியது. குளத்துநீரால் பரவிய நோய்களைத் தடுக்க அங்கே பெருந்தொகையான குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருந்தது 1993-இல்தான் உறுதியாயிற்று. நன்னோக்கம் மட்டும் நீரைத் தூய்மையாக்கிவிடாது.

இன்று நாம் செய்யத்தக்கது

தூத்துக்குடி நகரின் தாகத்தைக் கிணறுகளால் மட்டும் தணிக்க இயலாது எனக் கண்ட நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்தார். 1927-இல் அந்நீர் நகரை அடைந்தது. பரதவர் குலத்தில் தோன்றிய அக்கிறித்தவப் பெருந்தகை கொணர்ந்த நீரை எல்லாச் சமயத்தாரும் பருகினர். நீரறத்திற்குச் சமயப் பிரிவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. இம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது மிகுதி. வீடுகள் மூழ்கின, உயிர்கள் பறிபோயின. பெருகிய வெள்ளமோ கடலுக்கே ஓடியது. வெள்ளத்தைத் தடுப்பது அரசின் பெரும்பணி. ஆனால், ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவத்தில் கூரைமீது விழும் மழையை மணலுக்குள் அனுப்புவது நம் கைக்கு எட்டிய பணி. தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

பள்ளிவாசலின் அகன்ற மாடியில் விழும் மழையை வடிகட்டி அதன் பழைய கிணற்றுக்குத் திருப்பலாம். நபிகளார் ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் ஒளூச் செய்தார்கள் என்பதை நினைவிற்கொண்டு, ஹவ்ளின் குழாயடியில் வீணாகும் நீரைக் குறைக்கலாம். கிணறு வெட்டக் கருதும் கொடையாளர் தம் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்கலாம். புதிய கிணறு வேண்டுமா, தூர்ந்த கிணறு ஒன்றை மீட்டால் போதுமா என்று முதலில் ஊராரைக் கேட்கலாம். மீட்கப்பட்ட கிணற்றுக்குப் புதிய கல்வெட்டு தேவைப்படாது. முன்னோர் பெயரால் தொடங்கிய நன்மை அங்கே மீண்டும் ஓடும். மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீரைக் கோடைதோறும் சோதித்துக் குறித்து வைத்தால், அதுவே பயன்தரும் கல்வியாகி, நபிகளார் கூறிய மூன்றனுள் இரண்டை ஒருங்கே நிறைவேற்றும்.

திருக்குர்ஆனின் 67-ஆம் அத்தியாயம் ஒரு வினாவோடு முடிகிறது. உங்கள் நீர் நிலத்துள் வற்றிப் போய்விட்டால், ஊறும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்பது அதன் கருத்து. கடலோரத்தில் வாழும் நமக்கு அவ்வினா இன்னும் கூர்மையானது. நம் கிணறுகள் வற்றும்போது அவ்விடம் வெறுமையாக இராது. அங்கே கடல் வந்து நிற்கும். அது வாராது காப்பவர், கிணறு தோண்டியவருக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.