வட்டப் பாதையில் ஒரு நாடு – 11: காலியான மூன்றாம் எண்

போன வாரம் 1998-ல் நிறுத்தியிருந்தோம். இருபதாவது முயற்சியில் டேல் எர்ன்ஹார்ட் டேடோனா 500 கார் பந்தயத்தை வென்றார். எதிரணி மெக்கானிக்குகள்கூட, வண்டிகள் டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வரிசைகட்டி நின்று, ஊர்ந்து வந்த 3-ம் எண் கறுப்பு வண்டிக்குள் கையை நீட்டி அவருக்குக் கைகொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2001 பிப்ரவரி 18 அன்று, அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் வண்டி சுவரில் மோதியது. அன்று மாலையே அவர் இறந்த செய்தியை, பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார் அறிவித்தது. அந்த விபத்தைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வந்த மூன்று வாரங்கள். ஒரு ஓட்டுநரின் இடத்தில் இன்னொருவரை உட்காரவைப்பது என்றால் என்ன என்பதை இந்த விளையாட்டு அப்போதுதான் முழுமையாகக் கற்றுக்கொண்டது.

நாஸ்கார் யாருக்காகவும் நிற்காது. பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை 36 பந்தயங்கள். ஏறக்குறைய வாராவாரம் ஒரு ஊர். ஓட்டுநருக்குத் தனியாகப் புள்ளிகள் உண்டு. வண்டியின் உரிமையாளருக்கும் தனியாகப் புள்ளிகள் உண்டு. வண்டி ஒரு வாரம் ஓடாமல் இருந்தால் அந்தக் கணக்கில் ஓட்டை விழும். விளம்பரதாரரின் ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே கால் உடைந்தாலும், தலையில் அடிபட்டாலும், உரிமையாளரோடு சண்டை வந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும்.

ரசிகர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஒரு ஓட்டுநரை நேசிப்பது என்றால் அவருடைய எண்ணை நேசிப்பது. எண் கதவில் இருக்கும், கூரையில் இருக்கும். தொப்பியிலும் சட்டையிலும் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியிலும் இருக்கும். பந்தயத்துக்கு முதல் நாளே வந்து தளத்தின் நடுவில் கூடாரம் போடுபவர்கள் கம்பத்தில் ஏற்றுவது அந்த எண்ணைத்தான். பலர் காதில் ஸ்கேனர் ரேடியோவை மாட்டிக்கொண்டு, தங்கள் ஓட்டுநர் பிட்டில் இருப்பவர்களோடு பேசுவதைப் பந்தயம் முழுக்கக் கேட்பார்கள். அவர் டயரைத் திட்டுவதும், நகைச்சுவை சொல்வதும், கோபப்படுவதும் நேரடியாக அவர்கள் காதில் விழும். இப்படிப் பழகிய ஒரு குரல் இருந்த இடத்தில் வேறொரு குரல் கேட்டால் எப்படி இருக்கும்?

விசித்திரம் என்னவென்றால், எர்ன்ஹார்டின் வாழ்க்கையே இப்படி ஆள் மாறிய கதைகளால் கட்டப்பட்டது. வட கரோலினாவின் கன்னபோலிஸ் என்ற பஞ்சாலை ஊர்க்காரர் அவர். 1979-ல், முதல் முழு ஸீஸனில், போகோனோ தளத்தில் அடிபட்டுக் கழுத்துப்பட்டை எலும்புகள் முறிந்தன. அவர் வண்டியை ஓட்ட வந்தவர் டேவிட் பியர்சன். மூன்று முறை சாம்பியனான பெரியவர், நாலே பந்தயம்தான் ஓட்டினார். அதில் ஒன்று டார்லிங்டனின் சதர்ன் 500. அதை வென்றே கொடுத்துவிட்டுப் போனார்.

1981-ல் நடந்தது இன்னும் முக்கியமானது. எர்ன்ஹார்ட் அப்போது நடப்புச் சாம்பியன். ஸீஸன் நடுவில் அவருடைய அணி கைமாறியது. புதிய முதலாளியோடு ஒத்துப்போகவில்லை, வெளியேறிவிட்டார். அப்போது 3-ம் எண் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அதன் உரிமையாளரே. ரிச்சர்ட் சில்ட்ரஸ் என்ற அந்த மனிதர் அதுவரை ஒரு பந்தயத்தைக்கூட வென்றதில்லை. தன்னைவிடச் சிறந்தவன் ஒருவன் வேலையில்லாமல் நிற்கிறான் என்று பார்த்தார். ஸீஸன் முடியக் காத்திராமல் தான் இறங்கி அவரை ஏற்றிவிட்டார். இந்த விளையாட்டில் நடந்த ஓட்டுநர் மாற்றங்களிலேயே இதைவிடத் தன்னலமற்ற ஒன்றை நான் அறியேன். நடுவில் இரண்டு வருடம் வேறு அணியில் ஓட்டிவிட்டு, 1984-ல் எர்ன்ஹார்ட் சில்ட்ரஸிடமே திரும்பினார். ஏழு சாம்பியன் பட்டங்களில் ஆறு அங்கே வந்தவை.

1996-ஐயும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரசிகர்களின் மனசு அதில் தெரிகிறது. அந்த ஜூலையில் டாலடேகாவில் நடந்த கோர விபத்தில் எர்ன்ஹார்டின் கழுத்துப்பட்டை எலும்பும் மார்பெலும்பும் முறிந்தன. அடுத்த வாரம் இண்டியானாபோலிஸ். பந்தயத்தைத் தொடங்கியவருக்குத்தான் ஓட்டுநர் புள்ளிகள் சேரும் என்பது விதி. அதனால் உடைந்த எலும்புகளோடு அவரே வண்டியைக் கிளப்பினார். சில சுற்றுகள் கழித்து பிட்டுக்கு வந்து, மாற்று ஓட்டுநர் மைக் ஸ்கின்னரிடம் ஒப்படைத்தார். இறங்கியதும் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் கண் கலங்கிவிட்டது. யாருக்கும் அஞ்சாதவர், யாரையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறவர் என்று பேர் வாங்கியவர் அவர். அவரை அழவைத்தது எலும்பு வலி என்று யாரும் நினைக்கவில்லை. தன் வண்டியை வேறு ஒருவர் ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம். அதற்கடுத்த வாரம் வாட்கின்ஸ் கிளெனில், கியரை ஓயாமல் மாற்றியாகவேண்டிய வளைந்து நெளிந்த தளத்தில், தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். பந்தயம் முழுவதையும் தானே ஓட்டி ஆறாவதாக வந்தார். ரசிகர்கள் அவரை மனிதருக்கு மேலான ஒருவராக வைத்துப் பேசத் தொடங்கியதில் அந்த இரண்டு வாரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படிப்பட்டவரின் இடத்துக்குத்தான் 2001-ல் ஆள் தேட வேண்டியிருந்தது.

அணியை இழுத்து மூடிவிடலாமா என்றே சில்ட்ரஸ் யோசித்திருக்கிறார். பல வருடம் முன்பு எர்ன்ஹார்டும் அவரும் வேட்டைக்குப் போன இடத்தில், குதிரையோடு சரிந்து சில்ட்ரஸ் மயிரிழையில் தப்பினாராம். நம்மில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் நிறுத்தக் கூடாது என்று அன்றிரவு இருவரும் பேசிக்கொண்டதை அவர் பின்னாளில் சொன்னார். அந்தப் பேச்சைக் காப்பாற்ற, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராக்கிங்ஹாமுக்கு வண்டியை அனுப்பினார். ஓட்டுநர் கெவின் ஹார்விக். வயது 25, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்காரர். அந்த வருடம் இரண்டாம் நிலைத் தொடரான புஷ் சீரிஸில் முழுதாக ஓட்டி, மேல்நிலையில் சில பந்தயங்களை மட்டும் பழக்கத்துக்காக ஓட்டுவது என்பதுதான் திட்டம்.

சில்ட்ரஸ் செய்த சரியான காரியம் இங்கேதான் இருக்கிறது. அணியினரை மாற்றவில்லை, விளம்பரதாரரை மாற்றவில்லை, எஞ்சினை மாற்றவில்லை. எண்ணை மாற்றினார்: 3 போய் 29. நிறத்தையும் மாற்றினார்: கறுப்பு போய் வெள்ளை. அந்த வண்டி அப்படியே கறுப்பாக, கதவில் சாய்ந்த 3-ஓடு வந்திருந்தால், அதற்குள் இருக்கும் இளைஞனை ரசிகர்கள் மன்னித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எண் மாறியதால், தங்கள் ஆளின் இடத்தை யாரும் பறிக்கவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. ஹார்விக்குக்கும் அது ஒரு கவசம். தன்னை ஒருவரும் எர்ன்ஹார்டாகப் பார்க்கத் தேவையில்லை. ஹார்விக்காகப் பார்த்தால் போதும்.

ஆனாலும் பாரம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். மழையால் தடைப்பட்டுத் திங்களன்று முடிந்த ராக்கிங்ஹாம் பந்தயத்தில் ஹார்விக் 14-வது. அந்த வாரமே லாஸ் வேகஸில், முன்னரே குறித்திருந்த நாளில், அவருக்குக் கல்யாணம். அதே ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பந்தயத்தில் எட்டாவது இடம். பத்து நாளுக்குள் ஒரு சாவு, ஒரு பதவி, ஒரு திருமணம். யாருக்கும் இதைத் தாங்கும் பயிற்சி கிடையாது.

ரசிகர்களின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. டேடோனாவின் கடைசி வளைவில் எர்ன்ஹார்டின் வண்டியோடு உரசியது ஸ்டெர்லிங் மார்லினின் 40-ம் எண் வண்டி. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில், அடிக்கு அடி நெருக்கிக்கொண்டு ஓடும் கூட்டத்தில் நடந்த சாதாரண உரசல் அது. ஆனால் மார்லினுக்கு வசைக் கடிதங்கள் வந்தன, கொலை மிரட்டல்கள் வந்தன. தகப்பனைப் பறிகொடுத்த டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே முன்வந்து, மார்லினைக் குறை சொல்லாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுநர்மீது வைத்த பாசம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்காக என்னால் பரிந்து பேச முடியாது. மகன் பட்ட துக்கத்தைவிடவா இவர்கள் துக்கம் பெரிது?

ஹார்விக்கின் மூன்றாவது பந்தயம் அட்லாண்டாவில், மார்ச் 11 அன்று. சரியாக ஒரு வருடம் முன்பு இதே மார்ச் பந்தயத்தில் எர்ன்ஹார்ட், பாபி லபான்டியை நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். இந்த முறை கடைசிச் சுற்றில் முன்னால் ஹார்விக். அவர் வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஜெஃப் கார்டன். எர்ன்ஹார்டின் ரசிகர்கள் பல வருடமாகக் கூச்சல் போட்டு எதிர்த்த அதே கார்டன். இருவரும் ஏறத்தாழ ஒருசேரக் கோட்டைக் கடந்தார்கள். ஹார்விக் வென்றார். வித்தியாசம் 0.006 நொடி. அந்த வேகத்தில் அதைத் தூரமாகக் கணக்கிட்டால் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை ஒளிப்பதிவில் பார்க்கும்போது நான் ஹார்விக்கைவிட மற்றவர்களைத்தான் கவனிக்கிறேன். அந்த அணிக்கு வருடக்கணக்காக வண்டியில் பெட்ரோல் ஊற்றியவர் டேனி மையர்ஸ். எல்லோரும் 'சாக்லேட்' என்று கூப்பிடுவார்கள். பெரிய தாடி, பெரிய உடம்பு. அவர் பிட் ஓரத்தில் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். வர்ணனைக் கூண்டில் இருந்த லாரி மெக்ரெனால்ட்ஸ் 1998-ல் எர்ன்ஹார்டை டேடோனாவில் ஜெயிக்கவைத்த க்ரூ சீஃப், அதாவது அணியின் தலைமை மெக்கானிக்; அவருக்கும் குரல் உடைகிறது. ஹார்விக் டயர்கள் புகையும்படி வண்டியைச் சுழற்றுகிறார். ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டுகிறார், மூன்று விரல்கள். மேடைகளில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்கு மூன்று விரல்களை உயர்த்துகிறார்கள். அந்த ஸீஸன் முழுக்க ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாவது சுற்று வரும்போது ரசிகர்கள் இப்படித்தான் எழுந்து நின்று விரல் உயர்த்தினார்கள்; தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அந்தச் சுற்று முடியும்வரை பேசவில்லை.

ஹார்விக் அந்த வருடம் இரண்டு தொடரையும் விடாமல் ஓட்டினார். ஜூலையில் சிகாகோலாண்டிலும் வென்றார். மேல்நிலையில் ஒன்பதாம் இடம், சிறந்த புதுமுகம் விருது. புஷ் சீரிஸில் சாம்பியன். இவ்வளவும் முதல் வருடத்தில். ஆனால் எர்ன்ஹார்டின் முரட்டுத்தனத்தை ரசித்த அதே மேடைகள் ஹார்விக்கின் கோபத்தை உடனே ரசித்துவிடவில்லை. அடுத்த வருடம் மார்டின்ஸ்வில்லில் ஒரு பிக்கப் டிரக் பந்தயத்தில் அவர் காட்டிய ஆத்திரத்துக்காக நாஸ்கார் அவரை மறுநாள் பெரிய பந்தயத்தில் ஓட்டவிடவில்லை. 29-ல் அன்று கென்னி வாலஸ் உட்கார்ந்தார். மாற்றாக வந்தவருக்கே மாற்று!

ஹார்விக் அந்த வெள்ளை வண்டியின் நிழலிலிருந்து வெளியே வர நீண்ட காலம் பிடித்தது என்பதுதான் என் கணிப்பு. 2007-ல் 29-ம் எண்ணிலேயே டேடோனா 500-ஐ வென்றார். 2013 முடிவில் சில்ட்ரஸை விட்டு விலகி, ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியின் 4-ம் எண்ணுக்குப் போனார். போன முதல் வருடமே, 2014-ல், சாம்பியன். யாருடைய இடத்தையும் நிரப்பாமல், தானே தேர்ந்தெடுத்த இருக்கையில் வந்த பட்டம் அது.

அவர் போன அதே 2014 ஸீஸனுக்காக சில்ட்ரஸ் இன்னொரு முடிவையும் எடுத்தார். பதின்மூன்று வருடம் மேல்நிலைப் பந்தயங்களில் யாருக்கும் தராமல் வைத்திருந்த 3-ஐத் தன் பேரன் ஆஸ்டின் டில்லனுக்குக் கொடுத்தார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த எண்ணை யாரும் தொடக் கூடாது என்றார்கள் ஒரு சாரார். அது எர்ன்ஹார்டுக்கு முன்பே சில்ட்ரஸ் ஓட்டிய எண், அவர் வீட்டுப் பிள்ளைக்குப் போவதில் என்ன தப்பு என்றார்கள் மறு சாரார். ஜூனியர் எதிர்க்கவில்லை. டில்லன் முதல் டேடோனாவிலேயே தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். 2018-ல் அந்தப் பந்தயத்தையும் வென்றார். எனக்கு இதில் இரண்டாவது சாராரின் பேச்சே நியாயமாகப் படுகிறது. 1981-ல் தானாக இறங்கிக் கொடுத்தவருக்கு, அதை மீண்டும் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. 3-ஐ அன்று ஹார்விக்கிடம் கொடுக்காததும் அதே மனிதர்தான்.

அடுத்த வாரம் 2016: தலையில் அடிபட்டு ஜூனியர் பாதி ஸீஸன் ஒதுங்கினார். அவர் வண்டியை ஓட்ட, ஓய்வுபெற்று வீட்டில் இருந்த ஜெஃப் கார்டனைக் கூப்பிட்டார்கள்.

(தொடரும்)