கழுத்தில் நெட்டி எடுக்கும் முன்

"சார், சிரம்பானில் கைரோப்ராக்டிக் செய்கிறார்களாம். கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்தால் இவன் தலைவலி போய்விடுமா?" எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் கேட்டார். மகன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது, பின்னாலிருந்து கார் மோதியது. மூன்று வாரமாகியும் தலைவலி, தலைசுற்றல்.

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. மோதலில் உடல் முன்னே தள்ளப்பட, தலை பின்தங்கி, பிறகு சாட்டைபோல் வீசப்படுகிறது. கழுத்துத் தசைகள் இழுபடுகின்றன. மண்டையோட்டுக்குள் மூளையும் அதிரலாம். இரண்டுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. தலைவலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதல்ல.

கழுத்தெலும்புகள் 7. முதலாவது அட்லஸ், கிரேக்கப் புராணத்தில் வானத்தைச் சுமந்தவனின் பெயர். மேல்கழுத்துக் கைரோப்ராக்டிக் குறிவைப்பது இதையும் அடுத்த எலும்பையும்தான். கைரோப்ராக்டிக், 1895இல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை. கழுத்துவலி சிலருக்குக் குறையலாம். மூளை அதிர்ச்சியைக் குணப்படுத்தும் என்பதற்கு வலுவான சான்றில்லை.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகள் வழியே ஏறி, அட்லஸின்மேல் வளைந்து செல்கின்றன. விபத்தில் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், கழுத்தை வேகமாகத் திருப்புவது பக்கவாதத்தில் முடியலாம். அரிதுதான். நம் தோட்டத்தில் சுளுக்கு வழிப்பவருக்கும் இது பொருந்தும்.

"முதலில் மருத்துவமனைம்மா. பிறகு பிசியோதெரபி" என்றேன். கழுத்துக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சிகளுக்கே கூடுதல் சான்று உண்டு. வாந்தி தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை மரத்துப்போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பையனின் கேள்வி வேறு: "சார், சனிக்கிழமை பந்து விளையாடலாமா?" மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கலாம்.