குடற்சுவரும் அழற்சியும்

நாம் உண்ணும் சோற்றுடனும் பருகும் நீருடனும் எண்ணிறந்த கிருமிகள் வயிற்றினுள் செல்கின்றன. பெருங்குடலிலோ கோடானுகோடி நுண்ணுயிர்கள் நிலையாகவே குடியிருக்கின்றன. இவற்றுக்கும் நம் இரத்தத்துக்கும் இடையே நிற்பது, ஒரே அடுக்கு உயிரணுக்களாலான மெல்லிய சுவராகும். அச்சுவர் எவ்வாறு காக்கிறது, எவ்வாறு பழுதுறுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

சுவரின்மேல் வழவழப்பான சளிப்படலம் போர்த்தியுள்ளது. அதிற் கலந்துள்ள ‘ஐ.ஜி.ஏ.’ என்னும் எதிர்ப்பொருள், கிருமிகள் சுவரைத் தொடாவண்ணம் பற்றிக்கொள்கிறது. நெருக்கி நெய்த துணியின் இழைகளைப்போல, உயிரணுக்கள் புரதக் கட்டுகளால் இடைவெளியின்றிப் பிணைக்கப்பட்டுள்ளன. பழைய உயிரணுக்கள் உதிர்ந்து, ஏறத்தாழ 3 முதல் 5 நாட்களுக்குள் புதியவை அவற்றின் இடத்தை அடைகின்றன. சுவருக்குப் பின்னே வெள்ளணுக்கள் காவல் புரிகின்றன.

கிருமி உட்புகுமாயின், வெள்ளணுக்கள் டி.என்.எப்., இன்டர்பெரான்-காமா முதலிய தூதுப்பொருள்களை வெளியிட்டுத் துணைப்படையை அழைக்கின்றன. இஃது நன்மைக்கே. ஆயினும் அப்பொருள்களே உயிரணுக்களின் உள்ளிழைகளைச் சுருங்கச் செய்து, கட்டுகளைத் தளர்த்துகின்றன. தளர்ந்த இடத்தில் கிருமித் துணுக்குகள் கசிகின்றன. அவற்றால் மேலும் தூதுப்பொருள்கள் சுரக்கின்றன. வழக்கமாக, இன்டர்லூக்கின்-10 என்னும் மற்றொரு தூதுப்பொருள் இவ்வமளியை அடக்கும். அடங்காவிடில் அழற்சி நாட்பட்டதாகிவிடும். குரோன் நோய் அத்தகையது. டி.என்.எப்.பைத் தடுக்கும் இன்ப்ளிக்சிமாப் என்னும் மருந்து, 1998-இல் அமெரிக்காவில் அந்நோய்க்கு அனுமதிக்கப்பட்டது.

தூதுப்பொருள்கள் யாவும் தீயன என்று எண்ணற்க. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் விளைக்கும் புராஸ்டாகிளாண்டின், இரைப்பையிலும் குடலிலும் சளியைப் பெருக்கிச் சுவரைக் காக்கிறது. ஆஸ்பிரின் இப்பொருள் உண்டாவதைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் வெளியிட்டார்; 1982-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். டைக்ளோபெனாக், இபுபுரோபென் மாத்திரைகளும் இவ்வாறே வேலை செய்கின்றன. ஆகவே தறியில் அமர்ந்தும் வயலில் குனிந்தும் இடுப்பு நோகும் அன்பர்கள், இவற்றைக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்குவாராயின், வலி தணியும்போதே குடலின் காப்பும் குறைகிறது; புண்ணும் இரத்தக் கசிவும் நேரலாம். மலம் கருமையாகவோ இரத்தம் கலந்தோ காணின், அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.

சுவரைப் பேணும் வழிகள் எளியவை. கீரை, பயறு, தீட்டாத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உயிரணுக்களுக்கு அதுவே முதன்மையான உணவு. தூய நீரும் கழிப்பிடமும் கைகழுவுதலும் இன்றியமையாதன. அசுத்தமான சூழலில் வளரும் குழந்தைகளின் குடலில் ஓயாத அழற்சி காணப்படுகிறது; உண்டது உடலில் சேராமல் வளர்ச்சி குன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமென மருத்துவர்கள் கருதுகின்றனர். பிள்ளைக்கு இடும் சோற்றின் பயன், அதனைக் கழுவிய நீரின் தூய்மையையும் பொறுத்தது என்பதை ஒவ்வோர் இல்லமும் நினைவிற் கொள்ளுமாக.