தொட்டியும் குளமும்

வீட்டிலே வண்ண மீன் வளர்த்தல் இந்நாளில் சிறுவர் பலரும் விரும்பும் பொழுதுபோக்காகும். ஒரு கண்ணாடித் தொட்டியும் சிறிது மணலும் நான்கைந்து மீன்களும் இருந்தாற் போதும். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை அரை நாழிகை அதன் முன்னே அமர்ந்து உலகையே மறந்திருத்தலைக் காண்கிறோம். மீனை எவ்வாறு வளர்ப்பது என்று சொல்வோர் பலர் உளர். வளர்க்க இயலாத காலம் வந்தால் அம்மீன்களை என் செய்வது என்று சொல்வோர் அரியர். அதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

மீனைக் கலத்தில் இட்டு நோக்கி மகிழும் வழக்கம் புதியதன்று. சீன நாட்டார் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொன்னிற மீன்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்தனர். இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காணும்பொருட்டு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது 1853ஆம் ஆண்டில். நம் சென்னைக் கடற்கரையிலும் எட்கார் தர்ஸ்டன் என்பாரது முயற்சியால் 1909ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சியகம் எழுந்தது. மக்கள் திரண்டு சென்று கண்ட அக்காட்சியகம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டில், மூடப்பட்டது. காலம் மாறியபோது அரசின் காட்சியகமே நின்றுபோயிற்று எனின், ஒரு வீட்டுத் தொட்டி நின்றுபோதலில் வியப்பில்லை, நாணத்தக்கதும் இல்லை.

மேலநீலிதநல்லூர் தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்த ஊராகும். வானம் பார்த்த நிலங்களும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய குளங்களும் உடையது அப்பகுதி. அவ்வூர் மாணவி ஒருத்தி, ஏழாம் வகுப்பிற் படிக்குங்கால் ஆடித்தபசுத் திருவிழாவிற்குச் சென்று, இரண்டு பொன்மீன்களை வாங்கி வந்தாள் என்று கொள்வோம். ஐந்தாண்டு கழிகின்றது. பன்னிரண்டாம் வகுப்பின் பொதுத்தேர்வு வந்து நிற்கின்றது. அதன்பின் திருநெல்வேலியிலோ மதுரையிலோ விடுதியில் தங்கிப் பயில வேண்டும். தந்தை வேலை நாடி வெளியூர் சென்றிருக்கலாம்; பாட்டி நோயுற்றுப் படுத்திருக்கலாம்; கோடையில் குடிநீரே குடக்கணக்கில் கிடைக்கலாம். வாரந்தோறும் தொட்டி நீரை மாற்றுவார் யார்? வாழ்க்கை மாறிற்று என்பதை மீன் அறியாது. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு சந்தையிற் பரிசாகக் கிடைத்த பொன்மீன் ஒன்று 1999ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தது! எல்லா மீனும் நாற்பத்து மூன்று ஆண்டு வாழ்வதில்லை. எனினும் பேணி வளர்த்தால் பொன்மீன் பத்தாண்டைக் கடத்தல் அரிதன்று. பிள்ளையின் பள்ளிப் பருவத்தினும் அதன் ஆயுள் நீண்டது.

இந்நிலையில் பலர்க்கும் தோன்றும் எளிய வழி ஒன்று உண்டு. வாளியில் மீன்களை எடுத்துக்கொண்டு போய் ஊர்க்குளத்தில் விட்டுவிடுதலே அது. சிறைப்பட்டிருந்த உயிருக்கு விடுதலை அளித்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புவர். கோவில் தெப்பத்தில் விட்டுப் புண்ணியம் தேடினோம் என்பாரும் உளர். குளிரால் நடுங்கிற்று என்று கருதி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் பேகன். அத்தகைய ஈகையைக் கொடைமடம் என்பர் சான்றோர். அப்போர்வையால் மயிலுக்கும் கேடில்லை, மலைக்கும் கேடில்லை. குளத்தில் மீனை விடும் இரக்கமோ அவ்வாறு கேடின்றி முடிவதில்லை.

முதலில் மீனின் நிலையை நோக்குக. கையால் இட்ட உணவை உண்டு வளர்ந்த மீனுக்கு இரை தேடவும் தெரியாது. பகைக்கு அஞ்சி ஒளியவும் தெரியாது. நாம் விரும்பி வாங்கிய செந்நிறமே நாரைக்கும் மீன்கொத்திக்கும் விராலுக்கும் அதனைக் காட்டிக் கொடுக்கும். பல மீன்கள் சில நாளில் மடியும். மடிந்தவற்றோடு தீமை முடிவதன்று. பிழைத்துக் கொண்டவற்றாலேயே பெருந்தீமை விளையும்.

நம் குளங்கள் தனித்தனியே கிடப்பன அல்ல. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்நீர் ஓடை வழியே அடுத்த குளத்தை அடையும். அதுவும் நிறைந்து மறுகால் பாயும். முன்னோர் நீரைச் சிக்கனமாக ஆண்ட இவ்வமைப்பே, ஒரு குளத்தில் விட்ட மீனைப் பல குளங்கட்குக் கொண்டு செல்லும் வழியுமாகின்றது. நாம் ஒரு வாளி மீனை விட்டது ஓரிடத்தில்; அதன் வழித்தோன்றல்கள் வாழ்வது எவ்விடமோ!

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜிலேபிக் கெண்டையை அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. கெண்டை என்ற பெயரால் அதனை நம் மீன் என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது ஆப்பிரிக்க நாட்டு மீன். உணவுக்கு உதவும் என்று கருதி 1952ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டிற் பலமுறை இனம் பெருக்குவதாலும், சில பத்தாண்டுகளில் அது குளந்தோறும் நிறைந்துவிட்டது. நிறைந்தபின் இரை போதாமல் தானும் வளராது சிறுத்துப் போயிற்று; அயிரை, கெண்டை, கெளுத்தி முதலிய நம் மீன்களுக்கும் இடமின்றிச் செய்தது. கயலைக் கொடியிற் பொறித்த பாண்டியர் நாட்டில், வலையை இழுத்தால் வருவது ஆப்பிரிக்க மீன்! ஆராய்ந்து கொண்டுவந்த மீனே இவ்வாறு ஆயிற்று எனின், ஆராயாது விடும் மீனைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

தொட்டிப் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனைப் பலர் வாங்குகின்றனர். வாங்கும்போது அது இரண்டு விரற்கடை நீளமே இருக்கும். வளர்ந்தால் ஓர் அடியையும் தாண்டும், தொட்டி கொள்ளாது. ஆகவே குளத்திற் கொண்டு விடுவர். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீனின் உடல் கவசம் போன்ற தகடுகளால் மூடப்பட்டது. துடுப்பு முள் வலையைக் கிழிக்க வல்லது. நீரின் வெளியேயும் காற்றை உட்கொண்டு பல மணி நேரம் உயிர் தாங்கும். முட்டையிடுதற்காகக் கரையிலே ஆழ்ந்த வளைகளைத் தோண்டும். கரை தளர்ந்த குளம் யாது ஆகும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்துக் கட்லாவும் ரோகுவும் இட்டு வளர்ப்போர், உண்பாரும் கொள்வாரும் இல்லாத இம்மீனைக் கண்டு வருந்துவர். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலத்திலும் திருவனந்தபுரத்துச் சாக்கைக் கால்வாயிலும் இது குடியேறிவிட்டதை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். கேரளத்தில் 2018ஆம் ஆண்டு பெருவெள்ளத்தின்பின், அமேசான் ஆற்றுக்குரிய அராப்பைமா என்னும் பெருமீன் சாலக்குடி ஆற்றிற் காணப்பட்டது.

பொன்மீன் சாதுவான மீன் ஆயிற்றே என்று கேட்கலாம். அமெரிக்க நாட்டில் மின்னசோட்டா மாநிலத்துப் பர்ன்சுவில் நகரத்தார், ஏரியில் விடப்பட்ட பொன்மீன்கள் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகின்றன என்றும், இனி ஒருவரும் விடலாகாது என்றும் 2021ஆம் ஆண்டில் வேண்டிக்கொண்டனர். மீனே அன்றித் தொட்டிச் செடியும் தீங்கு செய்யும். நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, பூவின் அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்ட செடியேயாம்.

சுகாதாரத் துறையினர் கொசுவை ஒழிக்கக் கிணற்றிற் கப்பி மீன் விடுகின்றனரே என்று வினவும் மாணவன் நுண்ணறிவினன். கிணற்றுக்கு மறுகால் இல்லை என்பதே அவனுக்கு விடை.

இனி, செய்யத்தக்கவற்றைக் காண்போம். தேர்வு ஆண்டு தொடங்கும் முன்பே, புது மீன் வாங்குவதை நிறுத்துதல் வேண்டும். கப்பி மீன் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும். ஆதலின் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தல் நன்று. பிரித்த பின்னும் பெண்மீன் சில மாதம் குஞ்சு ஈனக் கூடும். அதனால் முன்கூட்டியே பிரித்தல் வேண்டும். சில நாள் பயணமே என்றால் மீனைக் கொடுக்க வேண்டுவதில்லை. வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றி இருக்கும். பக்கத்து வீட்டார் அன்பு மிகுதியால் அள்ளி இடும் உணவே நீரைக் கெடுத்து மீனைக் கொல்லும்.

நெடுநாள் பிரிய நேரின், மீனை இன்னொருவரிடம் ஒப்படைத்தலே நேரிய வழி. 'விடு' என்னும் வினையினின்று பிறந்த 'வீடு' என்ற சொல் விடுதலையையும் குறிக்கும், உறைவிடத்தையும் குறிக்கும். மீனுக்கு இரண்டும் ஒன்றே; வேறொரு வீட்டில் விடுதலே அதற்கு விடுதலை. மீன் வளர்க்கும் நண்பர், பள்ளியின் அறிவியல் ஆசிரியர், விற்ற கடைக்காரர் ஆகியோரை அணுகிக் கேட்கலாம். விலை எதிர்பாராது கொடுப்போர்க்குக் கொள்வோர் விரைவிற் கிடைப்பர். கொடுக்கும்போது மீனின் வயது, உண்ணும் உணவு, முன்னர்க் கண்ட நோய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். முதல்நாள் உணவு இடாமல், பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்திற் காற்றுமாகக் கட்டி, வெயில் தாழ்ந்தபின் எடுத்துச் செல்லுதல் நலம். பையைப் புதுத்தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, இருநீரின் வெப்பமும் ஒத்தபின் மீனை மட்டும் எடுத்து விடுக.

செடிகளை வெயிலிற் காயவைத்து எருக்குழியில் இடலாம். தொட்டி நீரை ஓடையிற் கொட்டாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றினால் அதுவே உரமாகும். மணலைக் கழுவி உலர்த்திக் கட்டி வைக்கலாம். ஆனால் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்களைக் கட்டி வைத்தல் இயலாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன அந்நுண்ணுயிர்களே. வடிகட்டி நின்று உலர்ந்தால் அவையும் மடியும். ஆகையால் விடுமுறையிலோ படிப்பு முடிந்த பின்னரோ ஊர் திரும்பித் தொட்டியை மீண்டும் நிரப்புவோர், முன்பிருந்த அளவு மீனை ஒரே நாளில் இடலாகாது. ஓரிரு மீன்களோடு தொடங்கி, சிறிதளவே உணவிட்டு, நுண்ணுயிர்கள் மறுபடி பெருகச் சில வாரம் பொறுத்து, அதன்பின்னரே பிற மீன்களைச் சேர்த்தல் வேண்டும்.