உங்களுக்குத் தெரியுமா? கண்டிச் சீமையின் வட்டிக் கணக்கு

◆ கண்டி மன்னர் காலத்திலேயே வட்டிக்கு ஒரு வேலி இருந்தது. 1660 முதல் 1679 வரை இந்த மலைநாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியான தன் நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். நெல்லைக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 50 வீதம் வட்டி. இரண்டு வருடம் போனால் கடன் இரட்டிப்பு. அதோடு சரி. அதற்குமேல் எத்தனை வருடம் இழுத்தாலும் ஒரு மணி நெல் கூடுதலாகக் கேட்க முடியாது. ஐம்பது வீதம் கொள்ளைதான். ஆனாலும் கொள்ளைக்கும் ஓர் அளவு வைத்திருந்தார்கள்.

◆ கிட்டத்தட்ட இதே விதி ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்திலும் உண்டு. நிலுவையில் நிற்கும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்பது அது. இலட்சம் ரூபா முதலுக்கு வட்டி நிலுவை என்று இலட்சத்துக்கு மேல் வழக்கில் கேட்க முடியாது. ஆனால் இதில் ஓர் ஓட்டை: நிலுவைக்குத்தான் இந்த எல்லை, மாதாமாதம் தவறாமல் கட்டித் தீர்த்த வட்டிக்கு இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் பாதுகாப்புக் குறைவு.

◆ இலங்கையில் கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தும் முக்கியமான சட்டத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் அது. புரோநோட்டில் மூன்று விஷயம் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்கிறது: உண்மையில் கடனாகக் கொடுத்த தொகை எவ்வளவு, வட்டி என்றோ செலவு என்றோ முன்கூட்டியே பிடித்துக்கொண்டது எவ்வளவு, ஆண்டுக்கு வட்டி எத்தனை வீதம்.

‘ஆண்டுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தெருவில் பேச்சு ‘நூற்றுக்குப் பத்து’ என்றுதான் இருக்கும். மாதத்துக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120. இருபதாயிரம் கேட்டுப் போகிறீர்கள். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 18,000 ரூபா எண்ணிக் கையில் வைக்கிறார்கள். ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டினால், பிடித்ததையும் சேர்த்து 24,000 ரூபா போய்விடும். முதல் அப்படியே நிற்கும். கையில் வந்த 18,000 ரூபாவை வைத்துப் பார்த்தால் வீதம் 133 ஐத் தாண்டும். இந்த எண்ணைத் தாளில் எழுதச் சொன்னால் எந்த வட்டிக்காரருக்கும் பேனை ஓடாது.

◆ தொகை எழுதாத வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்குவதும், கொடுத்ததைவிடக் கூடுதலான பொய்த் தொகையை எழுதி வாங்குவதும் அதே சட்டத்தின் கீழ் குற்றம். ‘நம்பிக்கைக்குத்தான்’ என்று சொல்லி வாங்கும் வெற்றுத்தாள் சட்டத்தின் கண்ணில் நம்பிக்கை அல்ல.

◆ மலையகத்தாருக்குத் ‘துண்டு’ என்ற சொல் இன்றும் சுடும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாற வேண்டுமானால், ‘இந்தக் கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம்’ என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடலேறி வந்த செலவே பலருக்கு முதற் கடன். கடன் கைமாறியது; அதோடு ஆட்களும் கைமாறினார்கள். 1921 இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

◆ நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்த கடன் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பணம் மட்டுமல்ல. கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் சிராப்பு என்ற இடைத்தரகர் வழியாக அவர்களுக்குக் கொடுத்தன. அவர்கள் கண்டிக் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தார்கள். 1925 இல் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டதும் செட்டியார்கள் கடன்களைத் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. திட்டு என்னவோ செட்டியாருக்கு மட்டும்தான். பிறகு 1934 இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. கொழும்புக்கு வெளியே அதன் முதற் கிளை எங்கே தெரியுமா? கண்டியில், 1941 இல்.

◆ அதே 1941 இல் வந்ததுதான் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம். வீடு வளவை ஈடு வைத்தவர்களும், ‘பணம் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன்’ என்ற நிபந்தனையில் உறுதி முடித்துக் கொடுத்தவர்களும் கடன் இணக்கச் சபைக்குப் போகலாம். காலக்கெடு உண்டு, தவணை முடிந்த பிறகு ஓடிப் பயனில்லை.

◆ தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தெருப் பெயரிலேயே சட்டத்துக்குள் எழுதியிருக்கிறது. எனக்குப் பிடித்த சட்ட வாசகங்களில் அதுவும் ஒன்று.

◆ இப்போது கிழமைக் கடனுக்கு வருவோம். ஹந்தானைப் பக்கமோ கலஹாப் பக்கமோ லயத்து வாசலில் குறித்த நாளில் பெண்கள் கூடுவார்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். பிள்ளையின் உண்டியலும் உடையும். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் கம்பனிகளுக்கே உரிமம் கட்டாயமாக்கியது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் அதற்குள் வரவில்லை. 2018 இல், மத்திய வங்கி தன் கண்காணிப்பிலுள்ள நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என உச்சவரம்பு வைத்தது. வெளியே இருப்பவர்களையும் உரிமத்துக்குள் கொண்டுவரும் சட்டமூலம் 2023 இல் வர்த்தமானியில் வெளியானது.

◆ அடகுக்கடை நடத்தவும் உரிமம் வேண்டும். சம்பளம் விழும் ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் ஈடாக வாங்கி வைத்துக்கொள்பவரிடம் என்ன உரிமம் இருக்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

◆ வழக்கென்று வந்துவிட்டால் வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் கண்டியிலேயே இருக்கிறது. அதுவரை போகாமலிருக்க ஒரு சின்ன வேலை: கையெழுத்துப் போட்ட தாளை, எழுந்து வருமுன், அந்த மேசையிலேயே வைத்துக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.