பாரணை இல்லாத பட்டினி

ஏகாதசி விரதம் காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. ஆனால், உடற்பயிற்சிச் செயலியின் கலோரிக் கணக்குக்கு அஞ்சி இளையோர் உண்ணாதிருப்பதையும் விரதம்போல் மெச்சுவதை என்னால் ஏற்க இயலவில்லை. விரதத்துக்குத் துவாதசியில் பாரணை உண்டு. இந்தக் கணக்குக்கு முடிவில்லை. இன்று குறைத்த அளவே நாளை அதிகமாகத் தோன்றும்.

2025 மார்ச்சில், இணையக் காணொளிகளைப் பார்த்து உணவைத் தவிர்த்துவந்த கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து 18 வயதுப் பெண் உயிரிழந்தார். மருத்துவர்கள் சுட்டியது ‘அனோரெக்சியா’வை. உடல் மெலிந்த பின்னும் பருமனாகிவிடுவோம் என்று அஞ்சவைக்கும் மனநோய் அது, பிடிவாதமன்று.

எனவே, உணவைக் கண்டு பிள்ளைகள் அஞ்சினால் கண்டிக்கவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, கட்டணமில்லை.